மழை வந்தால் தூங்காதவர்கள் கேட்கும் கேள்விகள்

2015 டிசம்பர் 1 இரவு ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாறு வந்தது. தரைத்தள வீடு. மாமியாரையும் ஏழு வயது மகனையும் மாடி வீட்டில் விட்டுவிட்டு, மாமியாரின் மாத்திரை டப்பாவை எடுக்க நான் மறுபடி இறங்கினேன். சமையலறையில் இருந்தபோது தண்ணீர் மளமளவென்று ஏறி, கதவைச் சாத்தி அழுத்திக்கொண்டது. மாடி வீட்டுத் தம்பி வந்து கதவை உடைக்கும்வரை உள்ளேயே நின்றேன். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. "தப்பிச்சாச்சு, அப்புறம் என்ன?" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த மூன்று வருடம் மழை பெய்த ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கவில்லை.

2018-ல் சிகிச்சைக்குப் போனேன். அதிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சிகிச்சை எடுத்தவள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பயம் எல்லோருக்கும் இருக்கத்தானே செய்யும்? இதை நோய் என்பானேன்?

பயப்பட்டது நோய் இல்லை. ஆபத்து போன பிறகும் உடம்பு அதை நம்ப மறுக்கிறதே, அதுதான் நோய். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எனக்கு இருந்ததைச் சொன்னால் புரியும். பக்கத்து வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டாலே நான் அந்தச் சமையலறைக்குள் போய்விடுவேன். ஞாபகம் வருவது வேறு, இது வேறு. கால் நிஜமாகவே சில்லிடும். இரண்டாவது, தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் ஒதுக்கினேன். மூன்றாவது, மகனைக் கொஞ்சினாலும் உள்ளே எதுவும் அசையவில்லை, எல்லாம் என் தப்பு என்ற எண்ணம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நான்காவது, குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். டாக்டர்கள் பார்ப்பதும் இந்த நான்கு வகையைத்தான். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் இப்படி ஏதோ ஒரு கொடுமையைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது 5.6 சதவீதம் பேருக்கு. வந்தவர் பலவீனமானவர், வராதவர் தைரியசாலி என்று இதற்கு அர்த்தம் இல்லை. எங்கள் தெருவில் என்னைவிட அதிகம் இழந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

எனக்கு நடந்தது அவ்வளவு பெரிய விஷயம் இல்லையே?

இதைக் கேட்காதவர் இல்லை. சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருக்கும் ஊரில் நான் என்ன பெரிதாகப் பட்டுவிட்டேன் என்று எல்லோரும் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாலை விபத்து, பாலியல் வன்முறை, உயிருக்குப் போராடிய பிரசவம், ஐ.சி.யு.வில் கிடந்த நாட்கள், வீட்டில் அடி உதை, எதற்குப் பிறகும் வரலாம். தண்டவாளத்தில் ஒருவர் குதித்ததைப் பார்த்தபடி வண்டியை நிறுத்த முடியாமல் போன ரயில் ஓட்டுநருக்கும் வரலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதனால் இது பட்டாளத்துக்காரர் நோய் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள்.

நடந்து ஒரு வாரம்தான் ஆகிறது. உடனே கவுன்சிலிங் போக வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் அழுகை வருவதும் சகஜம், நிறையப் பேருக்குத் தானாகவே வடிந்துவிடும். அந்த நேரத்தில் வேண்டியது சோறு, உலர்ந்த துணி, சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல், பக்கத்தில் ஒரு ஆள். நிவாரண முகாமில் வட்டமாக உட்காரவைத்து எல்லோரையும் நடந்ததைச் சொல்ல வைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. அப்படி ஒரே தடவையில் கொட்டவைப்பதால் பி.டி.எஸ்.டி. தடுக்கப்படுவதில்லை, சிலருக்கு அது கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

மறந்துவிட்டால் சரியாகிவிடாதா?

என் மாமியார், அண்ணன், ஆபீஸ் மேனேஜர், காய்கறிக்காரம்மா எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: "மறந்துடு." நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நானும் மறக்கத்தான் பாடுபட்டேன்.

எப்படி என்று கேளுங்கள். என் ஆபீஸ் கிண்டி தொழிற்பேட்டையில். காசி தியேட்டர் தாண்டி ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தில் ஏறினால் பத்து நிமிஷம். ஆனால் பாலத்துக்குக் கீழே அடையாறு. அதனால் ஷேர் ஆட்டோவிலோ கணவரோடோ மாம்பலம் போய், மின்சார ரயிலேறி கிண்டியில் இறங்குவேன். ஒரு மணி நேரம். இதில் வேடிக்கை, சைதாப்பேட்டை தாண்டி ரயிலும் அதே ஆற்றைத்தான் கடக்கிறது. அங்கே கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டரை வருடம் இப்படியே போய் வந்தேன்.

ஒவ்வொரு முறை சுற்றிப் போகும்போதும் படபடப்பு அடங்கும். அடங்கியதும் உள்ளே என்ன பதிகிறது? "பாலத்தில் போகாததால்தான் பிழைத்தாய்." பாலத்தில் போனாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே மனதுக்குக் கிடைப்பதில்லை. பயத்துக்கு நாமே தினமும் சோறு போட்டு வளர்க்கிறோம். முதலில் பாலம், அப்புறம் மெரினா, அப்புறம் ஷவர், கடைசியில் டிசம்பர் மாதம் முழுவதும் மதுரையில் அம்மா வீடு என்று என் உலகம் சுருங்கியது இப்படித்தான். சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

அப்படியென்றால் சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்?

பல முறைகள் உண்டு. எனக்குச் செய்தது, அஞ்சுவதை மெல்ல மெல்ல நேரில் சந்திக்கவைக்கும் முறை. வாரம் ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். எனக்கு 12 ஆனது.

முதல் இரண்டு அமர்வில் நோய் எப்படி வேலை செய்கிறது என்று சிகிச்சையாளர் விளக்கினார், மூச்சை நிதானமாக விடும் ஒரு பயிற்சி கொடுத்தார். பிறகு ஒரு பட்டியல் போட்டோம். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க். மொபைலில் மழைச் சத்தம் கேட்பது 30. பகலில் பாலத்தைப் பஸ்ஸில் கடப்பது 50. பாலத்தில் இறங்கி நின்று ஆற்றைப் பார்ப்பது 70. அதையே மழையில் செய்வது 90. கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு படியில் படபடப்பு கணிசமாக இறங்கும்வரை அங்கிருந்து ஓடி வரக்கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை.

அந்த 70 மார்க் நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஆறு என்று சொல்லவே முடியாது, கறுப்பாக ஒரு ஓடை, ஓரத்தில் ஆகாயத்தாமரை, ஒரு கொக்கு. எனக்குக் கை நடுங்குகிறது. கரும்புச்சாறு வண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஏதாச்சும் உள்ள விழுந்துடுச்சா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நாற்பது நிமிஷத்தில் 70 என்பது 35 ஆனது. கொக்கு அப்போதும் அங்கேயே நின்றது.

இன்னொரு பாதி இதைவிடக் கடினம். கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை, இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். "கதவு திறக்கவில்லை, தண்ணீர் குளிர்கிறது" என்று. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை மொபைலில் பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். முதல் நாள் வாந்தி எடுத்தேன். "இதற்குக் காசு வேறு கொடுக்கிறேனே" என்றுகூடத் தோன்றியது.

ஐந்தாவதோ ஆறாவதோ தடவை சொல்லும்போது சிகிச்சையாளர் குறுக்கிட்டு, "நீங்கள் மாடியிலிருந்து இறங்கும்போது தண்ணீர் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். யோசித்தேன். முழங்கால். அதுவும் முழுசாக இல்லை. மார்பளவு வெள்ளத்தில் மாத்திரை டப்பாவுக்காக இறங்கிய முட்டாள் என்றுதான் மூன்று வருடமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏறியது நான் உள்ளே போன பிறகு. முழங்கால் தண்ணீரில், சர்க்கரை நோயாளியான மாமியாரின் மருந்துக்காக யாரும்தான் இறங்குவார்கள். இத்தனைக்கும் இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். நினைக்கவே கூடாது என்று மூடி வைத்ததில் இதுவும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

இந்தக் குற்றவுணர்ச்சியையே முக்கியமாக எடுத்துக்கொண்டு, எழுதிப் பார்த்து அதோடு வாதாடும் இன்னொரு முறையும் உண்டு, அது பெரும்பாலும் 12 அமர்வு. அதில் நடந்ததை விலாவாரியாகச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்ல வாயே வராதவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கண்ணை இடமும் வலமும் அசைக்கச் சொல்லும் சிகிச்சை ஒன்று உண்டாமே, ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை. இ.எம்.டி.ஆர். என்று பெயர். பிரான்சீன் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களின் கடைசியில் உருவாக்கியது. பயந்த காட்சியை மனதில் நிறுத்திக்கொண்டு, சிகிச்சை தருகிறவரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலில் இதுவும் இருக்கிறது. கண் அசைவுதான் வேலை செய்கிறதா, மனதில் காட்சியைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை செய்கிறதா என்று நிபுணர்களுக்குள் சண்டை ஓயவில்லை. குணமானால் சரி என்பது என் கட்சி.

மாத்திரை போட்டால் போதாதா?

சிலருக்கு மாத்திரை நிச்சயம் வேண்டும், முக்கியமாக மனச்சோர்வு நோயும் சேர்ந்திருந்தால். செர்ட்ரலின், பாராக்சிடின் இரண்டும் பி.டி.எஸ்.டி.க்கு என்று அமெரிக்காவில் அனுமதி பெற்றவை, இங்கேயும் தாராளமாகக் கிடைக்கின்றன. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நன்றாக ஆனதும் திடீரென்று நிறுத்துவதும் தப்பு, டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும்.

அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரை வேறு கதை. அன்றைக்குத் தூங்கவைக்கும், நோயைத் தொடாது. பழக்கமாகிவிடும், மேலே சொன்ன சிகிச்சை ஒட்டுவதையும் கெடுக்கும். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி வருடக்கணக்கில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். டாஸ்மாக் பற்றியும் இதே பதில்தான்.

சென்னையில் எங்கே போவது?

காசு இல்லை என்றால் அரசு மருத்துவமனை. சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு, இலவசம். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் இருக்கும். மருந்துக்கு அது தோது, வாரம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சை அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாய்க்காது. முதல் நாளே "பேச்சு சிகிச்சை தரும் உளவியலாளர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், கீழ்ப்பாக்கத்தில் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கும் மனநலக் காப்பகம். 1794-ல் ஆரம்பித்த மருத்துவமனையின் வாரிசு அது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று நம் ஊரில் திட்டுவதே அதை வைத்துத்தான், அதனால் பலர் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டார்கள். வெளிநோயாளியாகப் போய்விட்டு மாலையில் வீடு திரும்புகிறவர்கள் அங்கே தினமும் எத்தனையோ பேர். உள்ளே போனால் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பது சினிமா.

தனியாரிடம் 2018-ல் நான் கொடுத்தது அமர்வுக்கு 1,200 ரூபாய். இப்போது அந்தக் காசுக்குக் கிடைக்காது.

கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட்: யாரிடம் போக வேண்டும்?

சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் எம்.ஃபில். போன்ற பயிற்சிப் படிப்பு முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர், பேச்சு சிகிச்சை தருவார். பதிவு எண்ணைக் கேட்டால் கோபப்படாமல் சொல்ல வேண்டும். கவுன்சிலர் என்ற போர்டை மூன்று மாதக் கோர்ஸ் படித்தவரும் மாட்டியிருப்பார்.

நான் முதலில் போன இடத்தில் "பாசிட்டிவா நினைங்க மேடம், எவ்வளவோ பேர் செத்தாங்க, நீங்க லக்கி" என்று முக்கால் மணி நேரம் அவரே பேசினார். அவர் கெட்டவர் இல்லை, இந்த நோய்க்கான பயிற்சி இல்லாதவர். அதன் பிறகு யாரைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்டேன்: பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்கு இதற்கு முன் சிகிச்சை தந்திருக்கிறீர்களா, எந்த முறையில், சுமாராக எத்தனை அமர்வு? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் கிளம்பிவிடலாம்.

ஆபீசுக்கோ, பெண் பார்க்க வருகிறவர்களுக்கோ தெரிந்துவிடுமா?

நீங்கள் சொன்னால்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும் என்பதால், வாராந்திர அமர்வுக்கு அது கைகொடுக்குமா என்று படித்துப் பாருங்கள்.

மந்திரித்துத் தாயத்து கட்டியிருக்கிறோம். கழற்ற வேண்டுமா?

வேண்டாம். "பயந்த கோளாறு" என்று நம் பாட்டிகள் கண்டுபிடித்தது சரியான நோயைத்தான், விபூதி போடுகிறவரிடம் ஆறுதலும் கிடைக்கிறது. சிகிச்சைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதவரை சண்டை இல்லை. ஆனால் கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, அடிப்பது என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்தை விட்டு உடனே கிளம்புங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள்.

என் கணவருக்கு விபத்துக்குப் பிறகு இப்படி இருக்கிறது. வீட்டில் நான் என்ன செய்யலாம்?

தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், காலடியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பின்னால் வந்து தோளைப் பிடிக்காதீர்கள். தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே பேசி வையுங்கள். என்ன நடந்தது என்று தோண்ட வேண்டாம், அவராகச் சொன்னால் பாதியில் "சரி சரி, விடுங்க" என்று மூடவும் வேண்டாம். சுள்ளென்று விழுவார், அது உங்கள் மேல் கோபம் இல்லை. அதற்காக அடிவாங்கிக்கொண்டு இருக்கவும் கூடாது.

இன்னொன்று கஷ்டமானது. அவர் வண்டி ஓட்டப் பயப்படுகிறார் என்று எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டால், நான் சொன்ன அந்தச் சோறு போடும் வேலையில் நீங்களும் கூட்டு. சிகிச்சை தருகிறவரைக் கேட்டு, எதில் விட்டுக்கொடுப்பது, எதில் மெல்லத் தள்ளுவது என்று முடிவு செய்யுங்கள். என் கணவர் மாம்பலம்வரை என்னைக் கொண்டுபோய் விடுவதை ஐந்தாவது அமர்வுக்குப் பிறகு நிறுத்தினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அடிக்கிறவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறேன். சிகிச்சை எடுக்கலாமா?

ஆபத்து இன்னும் முடியவில்லை என்றால் முதல் வேலை பாதுகாப்பு. உங்கள் பயம் அங்கே நியாயமாகவே வேலை செய்கிறது, அதைப் போக்கக்கூடாது. பெண்களுக்கான 181 எண்ணில் தங்குமிடம், சட்ட உதவி இரண்டுக்கும் வழி சொல்வார்கள்.

சின்ன வயதிலிருந்தே நடந்தது, ஒரு நாள் சம்பவம் இல்லை. எங்களுக்கும் 12 அமர்வில் முடியுமா?

அதிக நாள் ஆகலாம். வருடக்கணக்கான வன்கொடுமை, போர், சித்திரவதைக்குப் பின் வருவதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனப் பட்டியல் தனியாகவே பிரித்துச் சொல்கிறது. யாரையும் நம்ப முடியாமை, தன்மேலேயே அருவருப்பு, உணர்ச்சி கட்டுக்குள் நில்லாமை இவையும் சேர்ந்திருக்கும். 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்து, கும்மிடிப்பூண்டி, புழல் முகாம்களில் வாழ்க்கையைத் தொடங்கிய ஈழத்தமிழர் குடும்பங்களில் இது பேசப்படாமலே கிடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அறுபது வயதுக்கு மேல் சிகிச்சையைத் தொடங்கினார். ஒன்றரை வருடம் ஆயிற்று. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இப்போது கட்டிலுக்கு அடியில் போவதில்லை, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

முழுசாகக் குணமாகுமா?

நிறையப் பேருக்கு நோய் என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறைகிறது. சிலருக்குப் பாதி குறைகிறது, சிலர் வேறு முறைக்கு மாற வேண்டியிருக்கும். சம்பவம் நடந்த தேதி வருடாவருடம் நெருங்கும்போது கொஞ்சம் தலை தூக்கும்.

நாங்கள் அதே பேட்டையில் இரண்டாவது மாடிக்குக் குடிமாறிவிட்டோம். இது தவிர்ப்பா, புத்திசாலித்தனமா என்று என் சிகிச்சையாளரிடம் கேட்டேன். "ஆறு நிஜமாகவே பொங்குகிற இடத்தில் மாடிக்குப் போவது முன்ஜாக்கிரதை. டிசம்பர் முழுக்க மதுரைக்கு ஓடுவதுதான் தவிர்ப்பு" என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊரிலேயே இருந்தேன். சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் பையில் பரண்மேல். அரிசி, மெழுகுவர்த்தி, மாமியாரின் மாத்திரை பதினைந்து நாளைக்கு. ராத்திரி மூன்று தடவை எழுந்து டார்ச் அடித்துத் தெருவைப் பார்த்தேன், தண்ணீர் நின்றிருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்காவது தடவை நானாக எழவில்லை. விடிகாலையில் மகன் உலுக்கி எழுப்பினான்: "அம்மா, இன்வெர்ட்டர் கத்துது, ஆஃப் பண்ணவா? நீ இவ்ளோ நேரம் தூங்குற!"